வார்டுக்குப் புதிதாக வருபவர்களுக்கு: கன்சென்ட் முதல் கோர்ட் சம்மன் வரை

நர்சிங் கல்லூரியிலும் டெக்னீஷியன் படிப்பிலும் சட்டமும் நெறிமுறையும் பெரும்பாலும் ஐந்து மார்க் கேள்விதான். வேலைக்குச் சேர்ந்த பிறகு அதே சொற்கள் வேறு குரலில் வரும். "இன்னும் கையெழுத்து வாங்கலையா சிஸ்டர்?" என்று தியேட்டரிலிருந்து ஃபோன் வரும். "அம்மாகிட்ட கேன்சர்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்று வராந்தாவில் காத்திருந்து ஒரு மகன் சொல்வார். "ஏ.ஆர். காப்பி ரெடியா?" என்று, விபத்துப் பதிவேட்டின் நகலைக் கேட்டபடி ஒரு காவலர் வருவார். இந்த மூன்றுக்குப் பின்னாலும் சட்டச் சொற்கள் இருக்கின்றன. பாடப்புத்தகத்தில் அவற்றின் விளக்கம் கிடைக்கும். அந்த நேரத்தில் என்ன செய்வது என்பது கிடைக்காது.

தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் புதிதாகச் சேரும் நர்ஸுகளை மனதில் வைத்து எழுதியது இது. லேப், ஸ்கேன், ஐ.சி.யு. டெக்னீஷியன்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். படிக்கும் முன் ஒரு எச்சரிக்கை. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றும் போய், பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.), நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சாக்ஷிய அதினியம் வந்துவிட்டன. சீனியர்கள் தரும் பழைய நோட்ஸில் "304ஏ" என்று, அதாவது கவனக்குறைவால் மரணம் என்ற பிரிவு இருந்தால், அது இப்போது பி.என்.எஸ். 106.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர் வார்டில் பெரிய ஆள் நோயாளி இல்லை. கூட வந்திருக்கும் அட்டெண்டர். பேச்சு அவரிடம், கையெழுத்து அவரிடம், ரிப்போர்ட் அவர் கையில். சட்டம் இதை அப்படியே தலைகீழாகப் பார்க்கிறது. புதிதாக வருபவர்கள் சிக்கிக்கொள்ளும் இடங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு முரண்பாட்டில் இருந்துதான் பிறக்கின்றன என்பது என் எண்ணம்.

சேரும் நாளில்: பதிவும் எல்லையும்

தமிழ்நாடு நர்ஸுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் உங்கள் பெயர் பதிவாகி, அந்தப் பதிவு காலாவதியாகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். "சான்றிதழ் அப்புறம் கொடுக்கலாம், இன்னிக்கே டியூட்டி ஏறுங்க" என்று சொல்லும் இடங்கள் உண்டு. ஏறாதீர்கள். 1998-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஸ்பிரிங் மெடோஸ் வழக்கில், டைஃபாய்டுக்கு சிகிச்சை பெற்ற ஒரு சிறுவனுக்கு நர்ஸ் நரம்பில் போட்ட ஊசியால் இதயம் நின்று, மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. விசாரணையில், அந்த நர்ஸ் எந்த மாநில கவுன்சிலிலும் பதிவு செய்யாதவர் என்பது பெரிதாக எழுந்தது. பணியாளர் செய்த தவறுக்கு மருத்துவமனை பொறுப்பேற்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. இதைத்தான் விகேரியஸ் லயபிலிட்டி என்கிறார்கள். மருத்துவமனை பணம் கட்டிவிடும் என்பதால் பணியாளர் தப்பிவிட்டார் என்று அர்த்தமில்லை. கவுன்சில் நடவடிக்கையும் குற்ற வழக்கும் தனித்தனிப் பாதைகள்.

பதிவுக்கு அடுத்து எல்லை, அதாவது ஸ்கோப் ஆஃப் ப்ராக்டிஸ். எந்த மருந்தை நீங்களே கொடுக்கலாம், எதற்கு டாக்டரின் எழுத்து ஆர்டர் வேண்டும், எந்த ஊசியை இரண்டு பேர் சரிபார்க்க வேண்டும் என்பதற்கு உங்கள் மருத்துவமனையில் எழுத்து வடிவ விதி இருக்கும். கேட்டு வாங்கிப் படியுங்கள். "இங்க எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க" என்ற வாதம் கோர்ட்டில் நிற்காது.

கையெழுத்துக்கு முன்: கன்சென்ட்

கன்சென்ட், அதாவது ஒப்புதல். இந்தச் சொல்லுக்கு மட்டும் நிறைய இடம் எடுத்துக்கொள்கிறேன்.

காய்ச்சல் பார்க்க வந்தவர் தானாகக் கையை நீட்டுகிறார். அது மறைமுக ஒப்புதல், பி.பி. பார்ப்பதற்கும் ரத்தம் எடுப்பதற்கும் அது போதும். அறுவை சிகிச்சை, மயக்க மருந்து, ரத்தம் ஏற்றுவது போன்றவற்றுக்கு வெளிப்படையான, எழுத்து வடிவ ஒப்புதல் வேண்டும். அட்மிஷன் கவுண்டரில் "எல்லா சிகிச்சைக்கும் சம்மதம்" என்று வாங்கும் பொதுக் கையெழுத்து, பிறகு நடக்கும் குறிப்பிட்ட ஆபரேஷனுக்குச் செல்லாது.

கையெழுத்து இருக்கிறது என்பதாலேயே ஒப்புதல் இருக்கிறது என்றாகிவிடாது. 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த சமீரா கோலி வழக்கை ஒவ்வொரு தியேட்டர் நர்ஸும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நோய் என்ன என்று கண்டறியும் லேப்ராஸ்கோபிக்குச் சம்மதித்து ஒரு பெண் மேஜையில் படுத்தார். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே வெளியே இருந்த அவருடைய தாயிடம் சம்மதம் கேட்டு, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து எதுவும் இல்லை. மருத்துவரின் நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். ஆனாலும், நோயாளி சுயபுத்தியுள்ள வயது வந்த பெண்; தற்காலிகமாக மயக்கத்தில் இருந்தார், அவ்வளவுதான்; அவருக்காக வேறொருவர் சம்மதிக்க முடியாது என்றது நீதிமன்றம். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்கான சம்மதம் ஆகாது என்றும் சொன்னது.

அந்தத் தீர்ப்பின்படி நோயாளிக்குச் சொல்லப்பட வேண்டியவை: என்ன செய்யப் போகிறோம், எதற்காக, என்ன நன்மை, வேறு வழி இருக்கிறதா, முக்கியமான ஆபத்துகள் என்ன, வேண்டாம் என்றால் என்ன ஆகும். இதை விளக்குவது சிகிச்சை செய்யும் டாக்டரின் கடமை. உங்கள் கடமை வேறு. சாட்சியாக நீங்கள் கையெழுத்து போட்டால், "இவர் என் கண் முன்னால் இன்ன தேதி இன்ன நேரத்தில் கையெழுத்து போட்டார்" என்பதற்குத்தான் சாட்சி. எனவே பார்க்காத கையெழுத்துக்குச் சாட்சி போடாதீர்கள்.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். படிவத்தை நீட்டும் முன் நோயாளியிடம், "நாளைக்கு உங்களுக்கு என்ன ஆபரேஷன்னு டாக்டர் சொன்னாரும்மா?" என்று கேளுங்கள். "ஏதோ வயித்துல கட்டின்னாங்க" என்று பதில் வந்தால் படிவத்தை மடித்து வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். ஆபரேஷனுக்கு முன் போடும் ப்ரீமெட் ஊசியால் நோயாளி சொக்கிக்கொண்டிருக்கும்போது வாங்கும் கையெழுத்து வீண். வெற்றுப் படிவத்தில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைப்பது அதைவிட மோசம். படிவம் நோயாளிக்குத் தெரிந்த மொழியில் இருக்கட்டும். ஒடிசாவில் இருந்தோ பீகாரில் இருந்தோ வந்த கட்டடத் தொழிலாளிக்குத் தமிழ்ப் படிவம் கொடுத்துப் பயனில்லை. மொழிபெயர்த்தவர் யார் என்பதையும் எழுதி வையுங்கள்.

வயது வந்த பெண்ணின் அறுவை சிகிச்சைக்குக் கணவர் கையெழுத்து வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கருக்கலைப்புச் சட்டத்தில் இது இன்னும் தெளிவு: 18 வயது நிறைந்த பெண் என்றால் அவருடைய சம்மதம் ஒன்றே போதும். "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா" என்று திருப்பி அனுப்புவது வழக்கமாகிப்போன ஒரு தவறு. குடும்பத்தாரிடம் விளக்குவது நல்லது. அதற்கு முதலில் நோயாளியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சம்மதிக்கும் உரிமை இருப்பவருக்கு மறுக்கும் உரிமையும் இருக்கிறது. வேண்டாம் என்பவரின் கையைப் பிடித்து ஊசி போட்டால், அது நல்லதுக்கே என்றாலும் சட்டத்தின் கண்ணில் அத்துமீறல். மறுத்தால் என்ன சொன்னார், விளைவுகளை யார் விளக்கினார் என்பதை எழுதுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு எதிராக வீட்டுக்குப் போகிறவரிடம் ஏ.எம்.ஏ. படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். தொடர வேண்டிய மருந்து, எந்த அறிகுறி வந்தால் திரும்ப வர வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

18-க்குக் கீழ் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம். ஆனால் பதினைந்து வயதுப் பையனிடம் எதுவுமே சொல்லாமல் தள்ளிக்கொண்டு போவது சட்டப்படி சரியாக இருந்தாலும் முறையாகாது.

அவசரம் என்றால்

நினைவில்லாமல் வருபவர், கூட யாரும் இல்லை, உயிர் போகும் நிலை. இங்கே ஒப்புதலுக்காகக் காத்திருக்கக் கூடாது. நல்லெண்ணத்தோடு செய்யும் அவசரச் சிகிச்சைக்கு பி.என்.எஸ். 30 பாதுகாப்பு தருகிறது. அவசரம் என்ன, யாரையும் ஏன் அணுக முடியவில்லை என்று குறிப்பில் இருக்க வேண்டும்.

"இது போலீஸ் கேஸ், நாங்க தொட மாட்டோம், ஜி.எச். போங்க" என்று சொல்வதற்கு 1989-லேயே முற்றுப்புள்ளி வைத்தாகிவிட்டது. விபத்தில் சிக்கிய ஸ்கூட்டர்காரரை ஒரு மருத்துவமனை, இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்த இன்னொன்றுக்கு அனுப்ப, வழியிலேயே அவர் இறந்துபோனார். அந்தச் செய்தியை வைத்து வந்த பர்மானந்த் கட்டாரா வழக்கில், அரசோ தனியாரோ, முதலில் உயிரைக் காப்பாற்று, சட்ட நடைமுறையெல்லாம் பிறகு என்றது உச்ச நீதிமன்றம். பாலியல் வன்கொடுமைக்கும் ஆசிட் வீச்சுக்கும் உள்ளானவர்களுக்கு எல்லா மருத்துவமனைகளும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்பது தனிச் சட்டப் பிரிவாகவே இருக்கிறது. மறுத்தால் மருத்துவமனையின் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை. எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லக் கூடாது; அந்தப் பெண் நேராக மருத்துவமனைக்கு வந்தாலும் டாக்டர் பரிசோதிக்கலாம். விரல் விட்டுப் பார்க்கும் பழைய சோதனையைச் செய்பவர் நன்னடத்தை மீறியவர் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் கடுமையாகவே சொல்லியிருக்கிறது.

எம்.எல்.சி.யும் ஏ.ஆர். புத்தகமும்

சாலை விபத்து, அடிதடி, தீக்காயம், விஷம், பாம்புக்கடி, தூக்கு, உயரத்தில் இருந்து விழுந்தது, சந்தேக மரணம், பாலியல் வன்கொடுமை என எல்லாம் மெடிகோ லீகல் கேஸ் (எம்.எல்.சி.), அதாவது சட்டத் தொடர்புள்ள கேஸ். ஆக்ஸிடென்ட் ரெஜிஸ்டரில் (ஏ.ஆர்.) பதிவு செய்து, காவல் நிலையத்துக்கோ மருத்துவமனையில் இருக்கும் அவுட்போஸ்ட்டுக்கோ இன்டிமேஷன் அனுப்ப வேண்டும். எம்.எல்.சி.யா இல்லையா என்று முடிவு செய்வதும் ஏ.ஆர். எழுதுவதும் டியூட்டி டாக்டரின் வேலை. "போலீஸ் வேண்டாம் சார், குடும்ப விஷயம்" என்று அட்டெண்டர் கெஞ்சினால் அதை முடிவு செய்யும் இடத்தில் நீங்கள் இல்லை, டாக்டரிடம் விடுங்கள்.

ஏ.ஆர். எழுதுவது டாக்டர்தான் என்றாலும் அதைச் சுற்றி உங்கள் வேலை நிறைய. வந்த நேரம், கூட்டி வந்தவர் பெயர், உறவு, நினைவு இருந்ததா, மது வாடை இருந்ததா: இவை முதலில் உங்கள் கண்ணில்தான் படும். "தெரிந்த நான்கு நபர்கள் கட்டையால் அடித்ததாக" என்று ஏ.ஆரில் ஏறிய ஒரு வரியை வைத்து, எஃப்.ஐ.ஆரில் ஏன் ஆறு பேர் என்று வருடங்கள் கழித்துக் குறுக்கு விசாரணை நடக்கும். அதனால் சொன்னதை "சொன்னதாக" எழுத வேண்டும். "கணவர் அடித்தார்" என்பது வேறு, "கணவர் அடித்ததாக நோயாளி சொன்னார்" என்பது வேறு. இரண்டாவதுதான் உங்களுக்குத் தெரிந்த உண்மை.

திருமணமான பெண் தீக்காயத்தோடோ விஷத்தோடோ வந்தால் கல்யாணம் ஆகி எத்தனை வருடம் என்று கேட்பார்கள். வம்புக்காக இல்லை. ஏழு ஆண்டுகளுக்குள் மரணம் நேர்ந்தால் ஆர்.டி.ஓ. (வருவாய் கோட்டாட்சியர்) விசாரணை வரும்.

தடயம் என்ற சொல்லையும் இங்கேயே படித்துக்கொள்ளுங்கள். கத்திக் குத்துக்கு ஆளானவரின் சட்டையை வெட்டும்போது, கத்தி கிழித்த இடத்தின் வழியாகவே கத்தரியை விடாதீர்கள், தள்ளி வெட்டுங்கள். ஈரத் துணியை பிளாஸ்டிக் கவரில் அடைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். உலர்த்திக் காகிதப் பையில் போட வேண்டும். விஷம் குடித்தவரின் வயிறு கழுவிய நீரில் எடுக்கும் மாதிரியை லேபிள் ஒட்டி, சீல் வைத்து, யாரிடம் எப்போது ஒப்படைத்தீர்கள் என்று கையெழுத்து வாங்குங்கள். கை மாறிய ஒவ்வொரு இடமும் எழுத்தில் இருப்பதைத்தான் செயின் ஆஃப் கஸ்டடி என்கிறார்கள். துணியை அட்டெண்டரிடம் "வீட்டுக்குக் கொண்டு போங்க" என்று கொடுத்துவிட்டால் அந்தச் சங்கிலி அங்கேயே அறுந்தது.

தீக்காய வார்டில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு சொல் அன்றாடம் காதில் விழும்: மரண வாக்குமூலம். பொதுவாக மாஜிஸ்திரேட் வந்து பதிவு செய்வார். நோயாளி பேசும் தெளிவோடு இருக்கிறாரா என்று டாக்டர் சான்று தருவார். அப்போது உறவினர்களை வெளியே அனுப்புவது உங்கள் வேலை. ஆனால் நள்ளிரவில் நீங்கள் டிரெஸ்ஸிங் செய்யும்போது அந்த நோயாளி திடீரென்று நடந்ததைச் சொல்லத் தொடங்கலாம். யாரிடம் சொன்னாலும் அது சாட்சியம் ஆகலாம். டாக்டரைக் கூப்பிடுங்கள். நீங்களாகக் கேள்வி கேட்டு இழுக்காதீர்கள். அவர் சொன்னதை அவர் பேசிய தமிழிலேயே, வார்த்தை மாறாமல், நேரத்தோடு எழுதுங்கள். கேஸ் ஷீட் ஆங்கிலத்துக்கு மாற்றி அழகுபடுத்த வேண்டாம்.

தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் குற்றவாளி போல நடத்தும் பழக்கம் இன்னும் போகவில்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதச் சொல்கிறது. ஏ.ஆர். பதிவு உண்டு, ஆனால் "இதுக்காடி மருந்து குடிச்ச?" என்று கேட்பதற்கு வார்டில் யாருக்கும் உரிமை இல்லை.

ரகசியம்

இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் 1986-ல் சென்னையில்தான் கண்டறியப்பட்டன. அதற்கான தனிச் சட்டம் 2017-ல் வந்து, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட முப்பது வருடங்களில் எத்தனை கட்டில்களில் சிவப்பு மையில் எழுதி மாட்டியிருப்போம்! இப்போது, ஒப்புதல் இல்லாமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக் கூடாது, முடிவை ஒப்புதல் இல்லாமல் வெளியிடக் கூடாது. சிகிச்சையில் நேரடியாக இருப்பவர்கள் தெரிந்துகொள்ளலாம். கணவருக்கோ மனைவிக்கோ தெரிவிப்பதற்கு டாக்டரும் கவுன்சிலரும் பின்பற்ற வேண்டிய முறை சட்டத்திலேயே இருக்கிறது. அது நர்ஸ் நட்பாகச் சொல்லிவிடும் விஷயம் இல்லை. கட்டிலில் போர்டு, கேஸ் ஷீட் அட்டையில் குறி எதுவும் வேண்டாம். கையுறையும் ஊசிப் பாதுகாப்பும் எல்லா நோயாளிக்கும் ஒன்றுதான்.

மற்ற நோய்களிலும் அடிப்படை இதுவே. ரகசியம் உடைவது பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் அல்ல, வாய்ப் பழக்கத்தால். லிஃப்டில் பேசுவது, எக்ஸ்ரேயைப் பெயரோடு வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது, சொந்த ஊர்க்காரர் அட்மிட் ஆகியிருக்கிறார் என்று தெரிந்து அவர் கேஸ் ஷீட்டை எட்டிப் பார்ப்பது, வார்டில் எடுத்த ரீல்ஸில் பின்னால் ஒரு நோயாளி படுத்திருப்பது. பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிட்டால் இரண்டாண்டு வரை சிறை என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

விதிவிலக்குகள் உண்டு. காசநோய் 2012 முதல் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய். அரசின் காசநோய்ப் பதிவுத் தளமான நிக்ஷயில் பதிவாகும் என்பதை நோயாளியிடமும் சொல்லிவிடுங்கள். நீதிமன்றம் கேட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும். வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையே உள்ள சட்டப் பாதுகாப்பு இந்தியாவில் மருத்துவருக்கும் நர்ஸுக்கும் கிடையாது. போலீஸ் கேட்டால்? எழுத்து வடிவக் கோரிக்கை, அது ஆர்.எம்.ஓ. (நிலைய மருத்துவ அதிகாரி) அல்லது ரெக்கார்ட்ஸ் பிரிவு வழியாக. வார்டு மேஜையில் வைத்து செல்ஃபோனில் படம் எடுத்துக்கொள்ள விடாதீர்கள்.

இப்போது அந்த வராந்தா மகன். "அம்மாகிட்ட சொல்லாதீங்க" என்பது அன்பால் வருவது. அவரோடு சண்டை போட வேண்டாம். ஆனால் அம்மா உங்கள் கையைப் பிடித்து "எனக்கு என்ன சிஸ்டர்?" என்று கேட்கும்போது "ஒண்ணுமில்லம்மா, அல்சர்தான்" என்று சொல்லாதீர்கள். நோயைப் போட்டு உடைப்பதும் உங்கள் வேலை அல்ல. "உங்களுக்கு எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு இருக்கும்மா? டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது கேட்போம், நானும் பக்கத்துல நிக்கறேன்" என்று சொல்லலாம். பிறகு டாக்டரிடம், நோயாளியே கேட்டார் என்பதைச் சொல்லி, குறிப்பிலும் எழுதுங்கள். புத்தகத்தில் தன்னாட்சி, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி என்று நான்கு கொள்கைகள் வரும். முதல் இரண்டும் முட்டிக்கொள்ளும் இடம் இந்த வராந்தாதான்.

பதினெட்டுக்குக் கீழ், ஸ்கேன் அறை

ஆதாரைப் பார்த்தால் பதினேழு, கழுத்தில் தாலி, ஐந்து மாதம். பிரசவ வார்டில் இது அபூர்வம் இல்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களில் இருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் 18-க்குக் கீழ் எல்லோரும் குழந்தை. திருமணம் ஆனதோ, சம்மதத்தோடு நடந்ததோ கணக்கில் வராது. தெரிந்தும் காவல்துறைக்குத் தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனப் பொறுப்பாளர் என்றால் ஓராண்டு வரை. டாக்டரிடமும் பொறுப்பாளரிடமும் உடனே சொல்லி, தகவல் போனதை உறுதி செய்யுங்கள். நல்லெண்ணத்தோடு தெரிவித்தவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. சிகிச்சை இதற்காக ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், டாக்டர் தன் தகவலில் பெயரைத் தவிர்க்கலாம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் வழி திறந்திருக்கிறது. பயந்து நாட்டு மருந்து தேடிப் போகும் பெண்களுக்கு இது பெரிய வாசல். நம் மருத்துவமனைகளில் பலருக்கு இன்னும் தெரியவில்லை.

ஸ்கேன் அறையில் கருவின் பாலினத்தைச் சொல்லக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். சொல்லால் மட்டுமல்ல, சைகையாலும் வேறு எந்த வகையாலும் கூடாது என்பதும், மருத்துவர் மட்டுமல்ல எவரும் சொல்லக் கூடாது என்பதும் சட்டத்தின் வாசகம். கவுண்டரில் இருப்பவர் சிரித்துக்கொண்டே "ஸ்வீட் வாங்கிட்டு வாங்க" என்பதும் இதில் அடங்கும்.

எழுத்து

நோட்ஸில் இல்லாதது நடக்கவில்லை என்பது வார்டுப் பழமொழி. சட்டமும் கிட்டத்தட்ட அப்படித்தான் பார்க்கிறது. செய்தவுடன் எழுதுங்கள், செய்யும் முன் எழுதாதீர்கள். தவறாக எழுதிவிட்டால் ஒயிட்னர் வேண்டாம். ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதி, நேரம், கையெழுத்து. பிறகு நினைவு வந்ததை "தாமதக் குறிப்பு" என்று சொல்லியே சேருங்கள். ஃபோனில் வரும் ஆர்டரை எழுதி, திரும்பப் படித்துக் காட்டி, சொன்னவர் பெயரையும் நேரத்தையும் போட்டு, டாக்டர் வந்ததும் கையெழுத்து வாங்குங்கள். இரண்டு மணிக்கு டாக்டரைக் கூப்பிட்டு அவர் வராவிட்டால், கூப்பிட்ட நேரம், என்ன சொன்னீர்கள், என்ன பதில், அடுத்து யாரைக் கூப்பிட்டீர்கள் என்ற நான்கும் அதே பக்கத்தில் இருக்கட்டும். யாரையும் குற்றம் சாட்டும் தொனி வேண்டாம்.

நோயாளி கேட்டால் மருத்துவ ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002 மருத்துவ நெறிமுறை விதி. எனவே "கேஸ் ஷீட் எல்லாம் தர மாட்டாங்க" என்று நீங்களாகச் சொல்லாதீர்கள். ரெக்கார்ட்ஸ் பிரிவுக்கு வழி காட்டுங்கள்.

கவனக்குறைவு

நெக்லிஜென்ஸ் நிரூபிக்க மூன்று வேண்டும்: உங்களுக்குக் கடமை இருந்தது, அதில் தவறினீர்கள், அந்தத் தவறால் பாதிப்பு வந்தது. சிகிச்சை பலிக்கவில்லை என்பது மட்டும் கவனக்குறைவு அல்ல. அதே படிப்பும் வேலையும் உள்ள சராசரித் திறமைசாலி அந்த இடத்தில் என்ன செய்திருப்பார் என்பதே அளவுகோல்.

பஞ்சாபில், மூச்சுத் திணறிய ஒரு முதியவருக்குப் பொருத்திய ஆக்சிஜன் சிலிண்டர் காலியாக இருந்தது. அடுத்த அறையில் இருந்து வேறொன்றைக் கொண்டு வந்து பொருத்துவதற்குள் உயிர் போனது. அதில் எழுந்த ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம் டாக்டர் மேல் இருந்த குற்ற வழக்கை ரத்து செய்தது. குற்றவியல் தண்டனைக்குச் சாதாரணத் தவறு போதாது, மிகக் கடுமையான கவனக்குறைவு வேண்டும் என்றது. டாக்டர்கள் இந்தத் தீர்ப்பை அடிக்கடி சொல்வார்கள். நர்ஸ் கவனிக்க வேண்டியது அந்தச் சிலிண்டரை. ஷிஃப்ட் தொடங்கும்போது சிலிண்டர் அளவும் சக்ஷனும் அவசர மருந்து வண்டியான க்ராஷ் கார்ட்டும் பார்த்துக் கையெழுத்து போடுவது யார் வேலை? அவுரங்காபாத்தில் 1963-ல் கருத்தடை அறுவை சிகிச்சையின்போது வயிற்றுக்குள் துணி விடப்பட்டு ஒரு தாய் இறந்தார். 1996-ல் உச்ச நீதிமன்றம், இங்கே கவனக்குறைவு தானாகவே தெரிகிறது என்று அரசைப் பொறுப்பாக்கியது. மாப் எண்ணிக்கை சரிவரவில்லை என்றால் வயிற்றை மூட விடாமல் சத்தமாகச் சொல்லுங்கள், சீஃப் முறைத்தாலும்.

பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கம். பி.என்.எஸ். 106-ன்படி கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால் ஐந்தாண்டு வரை சிறை. மருத்துவ நடைமுறையின்போது என்றால் இரண்டாண்டு வரை. ஆனால் இந்தச் சலுகை மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ள டாக்டர்களுக்கு மட்டும். அந்த விளக்கத்துக்குள் நர்ஸ் வரவில்லை. இது நியாயமா என்றால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் இன்றைய சட்டம் இதுதான்.

கட்டுவது, தடுத்து வைப்பது, கடைசி மணி நேரங்கள்

2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் வெளியேற முடியாமல் இறந்தார்கள். இன்று மனநலச் சட்டம் சங்கிலியை முழுதாகத் தடை செய்கிறது. உடலைக் கட்டுப்படுத்துவது உடனடி ஆபத்தைத் தடுக்க மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மட்டும். ஐ.சி.யு.வில் டியூபைப் பிடுங்குபவரின் கையைக் கட்டினாலும் ஆர்டர், காரணம், நேரம், விரல் நிறம் பார்த்தது எல்லாம் எழுத்தில் வேண்டும். பில் கட்டவில்லை என்று நோயாளியையோ உடலையோ நிறுத்தி வைக்கச் சொன்னால், அந்த வேலையை நீங்கள் செய்யாதீர்கள். தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் வகுத்த நோயாளி உரிமைச் சாசனத்தின் 17 உரிமைகளில், அப்படித் தடுத்து வைக்கப்படாமல் இருப்பதும் ஒன்று.

"ஏதாவது ஆனா ரொம்ப இழுக்க வேண்டாம்" என்று வாயால் சொல்லிவிட்டுப் போவது, உயிர்மீட்பு முயற்சி வேண்டாம் என்ற டி.என்.ஆர். ஆர்டர் ஆகாது. எழுத்து இல்லையென்றால் நீங்கள் சி.பி.ஆர். (மார்பை அழுத்தும் உயிர்மீட்பு முதலுதவி) தொடங்கத்தான் வேண்டும், பார்ப்பவர்களுக்காக மெதுவாக அழுத்துவதுபோல் நடிப்பது கூடவே கூடாது. உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவதற்கு 2018-ல் உச்ச நீதிமன்றம் வகுத்து, 2023-ல் எளிதாக்கிய நடைமுறை இருக்கிறது: முன்கூட்டிய விருப்ப ஆவணம், இரண்டு மருத்துவக் குழுக்கள். மூளைச்சாவு அறிவிப்பும் உறுப்பு தானப் பேச்சும் அதற்கென்று உள்ள டாக்டர்களும் ஒருங்கிணைப்பாளரும் செய்வது. அறிவிக்கும் முன் நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம்.

உங்களுக்காக

ஊசி குத்திவிட்டால் மறைக்காதீர்கள். சோப்பும் தண்ணீரும், உடனே தகவல், எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் பி.இ.பி. மருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அட்டெண்டர் கை நீட்டினால், மருத்துவப் பணியாளர் மீதான வன்முறைக்குத் தமிழ்நாட்டில் 2008 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. மூன்று முதல் பத்தாண்டு வரை சிறை. பாலியல் தொந்தரவுக்கு உள் புகார்க் குழு உண்டு. சாதாரணமாக மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். குழுவின் தலைவர் யார் என்பது நோட்டீஸ் போர்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் கேளுங்கள். "புள்ளை பொறந்திருக்கு, கையில வெச்சுக்கோங்க" என்று நீட்டும் நூறு ரூபாயையும் வாங்காதீர்கள். வாங்கும் ஒருவரால்தான் அடுத்த கட்டிலில் இருப்பவர் கொடுக்க வேண்டியதாகிறது.

சம்மன் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. பெரும்பாலும் நீங்கள் குற்றவாளி அல்ல, சாட்சி. நிர்வாகத்திடம் காட்டி டியூட்டியில் இருந்து விடுவிப்பு வாங்குங்கள். ரெக்கார்ட்ஸ் பிரிவில் அந்தக் கேஸ் ஷீட்டை முன்பே ஒருமுறை படித்துவிடுங்கள். கூண்டிலும் ஆவணத்தைப் பார்த்து நினைவுபடுத்திக்கொள்ள அனுமதி கேட்கலாம். கேட்டதற்கு மட்டும் பதில். நினைவில்லை என்றால் நினைவில்லை. "இருந்திருக்கலாம்", "அப்படித்தான் செய்வோம்" வேண்டாம். டாக்டர் ஏன் அந்த மருந்து கொடுத்தார் என்று கேட்டால், அது டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி என்று சொல்லுங்கள். அடையாள அட்டையையும் கவுன்சில் பதிவுச் சான்றின் நகலையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். பெயருக்கு அடுத்தபடி உங்கள் தகுதியைத்தான் கேட்பார்கள்.